மூன்று தரம் அடித்த தேங்காய்

அண்ணை என்னோடு கதைப்பதை நிறுத்தி ஒரு வருடத்துக்கு மேலான பிறகுதான் நாங்கள் ஊருக்குப் போனோம். கதைப்பதென்றால் கடிதத்தில்தான். நாங்கள் மொன்றியலுக்குப் போன காலத்திலிருந்து கோப்பாயிலிருந்து மாதம் ஒரு நீலக் கடிதம் வந்துகொண்டிருந்தது. வெங்காயம் நட்டது, கிணற்றில் தண்ணீர் இறங்கியது, எங்கள் சின்னத் தெருவான ஒழுங்கையில் யார் வீட்டில் கலியாணம் என்று எல்லாம் எழுதி, இடம் போதாமல் ஒட்டுகிற மடிப்பிலும் எழுதுவார். பிறகு அது வரவில்லை. அண்ணையின் மனைவி, அவ எனக்கு மச்சாள், நான் அவவுக்கு மச்சாள், இடைக்கிடை எழுதுவா. அதில் “உங்கள் அண்ணர் சுகம்” என்று ஒரு வரி இருக்கும்.

காரணம் எனக்குத் தெரியும். எங்கள் மகள் கௌரி பன்னிரண்டு வயதில் பெரியபிள்ளையானாள். எங்கள் பக்கத்தில் அந்தச் சடங்குக்குத் தாய்மாமன்தான் எல்லாம். பிள்ளையின் தலையில் பாலும் அறுகும் வைப்பவர் அவர். பிள்ளையை வெளியே கொண்டுவரும்போது முன்னால் நின்று தேங்காய் உடைப்பவரும் அவர்தான். அண்ணைக்குப் பிள்ளைகள் இல்லை. கௌரி ஏழு வயதுவரை அவருடைய சைக்கிள் பாரில்தான் வளர்ந்தாள். அதனால் நாள் வைத்தவுடன் அவருக்கு எழுதினேன்: “உங்கடை இடத்தில ஒருத்தரையும் நிப்பாட்டமாட்டன், அண்ணை. அந்த இடத்தில ஒரு நிறைகுடம்தான் இருக்கும்.”

நிறைகுடம் வைத்ததும் உண்மை. ஆனால் வீடியோ எடுக்க வந்தவர் மண்டபத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, மாமன் தேங்காய் உடைக்கிற கட்டம் இல்லாவிட்டால் இதை யார் பார்ப்பார்கள் என்றார். வெளியே பனி கொட்டுகிறது. உள்ளே சனம் நிறைந்துவிட்டது. ஐயர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். என் கணவரோடு உணவகத்தில் வேலை செய்யும் புங்குடுதீவு மனிதர் ஒருவர் கோட்டும் சூட்டுமாக முன்னால் வந்து, தான் நிற்பதாகச் சொன்னார். நல்ல மனிதர், அவரில் ஒரு பிழையும் இல்லை. நான் தலையை ஆட்டினேன். யாரோ நிறைகுடத்தை மூலைக்குத் தள்ளினார்கள். அந்தக் குளிரில் அறுகம்புல்லுக்கு எங்கே போவது? கடையில் வாங்கிய கொத்தமல்லி இலையைப் பாலில் தோய்த்துப் பிள்ளையின் தலையில் வைத்தார்கள். தேங்காய் மூன்றாவது அடியில் உடைந்தது.

அந்த வீடியோவின் கொப்பி ஒன்றை ஊரில் உள்ள வீடியோ டெக்கில் ஓடக்கூடிய மாதிரி மாற்றுவித்து, கொழும்புக்குப் போன ஒருவர் கையில் கொடுத்தனுப்பியதும் நானேதான். அண்ணை பார்க்கத்தானே வேண்டும் என்று நினைத்தேனே தவிர, எதைப் பார்ப்பார் என்று நினைக்கவில்லை. அதோடு நீலக் கடிதம் நின்றது. நானும் பிழை விட்டேன் என்று ஒரு வரி எழுதவில்லை. பனி பெய்கிறது, கௌரி வகுப்பேறிவிட்டாள் என்று ஒன்றும் நடக்காததுபோல எழுதிக்கொண்டிருந்தேன். வீம்பு என்பது எங்கள் குடும்பத்தில் அண்ணைக்கு மட்டும் எழுதி வைத்த சொத்தல்ல.

இந்திய இராணுவம் கப்பலேறிப் போன அடுத்த மாதம் அது. சண்டை ஓய்ந்திருந்தது, ரயில் ஓடியது, சித்திரை வருஷமும் வந்தது. கௌரியின் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கடிதம் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம். ஊரில் பத்து நாள் நிற்கலாம். அதற்குள் அண்ணை என்னோடு வாய் திறந்துவிட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதல் இல்லை.

யாழ்தேவியில் எங்களுக்கு முன்னால் ஒரு சிங்களப் பெரியவர் இருந்தார். என் சிங்களம் துருப்பிடித்துப் போயிருந்தாலும் அவர் கேட்டது விளங்கியது. “யாழ்ப்பாணத்துக்கா? நான் அங்கே தபால் கந்தோரில் இருந்தவன். அந்தக் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் இப்போதும் இருக்கிறதா?” இருக்கிறது என்றேன். ஏழு வருடமாக அதைக் கண்ணாலும் காணாதவள் நான். அவர் அநுராதபுரத்தில் இறங்கும்போது தன்னுடைய மீன் பணிஸ் இரண்டைக் கௌரியின் மடியில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்.

வவுனியாவில் இஞ்சின் படுத்துவிட்டது. மொன்றியலில் நிலக்கீழ் ரயில் ஐந்து நிமிடம் பிந்தினால் சனம் மணிக்கூட்டைப் பார்க்கும், ஒருவரையொருவர் முறைக்கும். இங்கே வெற்றிலைப் பெட்டியைத் திறந்துகொண்டு எந்த ஊர், யாருடைய பிள்ளை என்று விசாரிக்கத் தொடங்கினார்கள். கடலை வடை ஒரு சுற்று வந்தது. இரண்டு மணி நேரம் கழித்து ரயில் அசைந்தபோது எங்கள் பெட்டியில் எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு வழியில் சொந்தமாகியிருந்தார்கள். கௌரிக்கு மட்டும் புதிதாக மூன்று பெரியம்மாக்கள் கிடைத்தார்கள்.

ஆனையிறவு வந்ததும் உப்புக் காற்று யன்னலால் உள்ளே அடித்தது. இவர், அதாவது என் கணவர், வீடியோக் கமெராவைத் தோளில் தூக்கினார். ஊரிலும் அவர் தோளில் இருக்கப்போவது அதுதான் என்று அப்போது தெரியாது. நான் கதவடியில் போய் நின்று அழுதேன். ஏன் அழுகிறேன் என்று கேட்ட மகளுக்குக் கண்ணில் தூசு என்று சொல்லவில்லை. ஊர் வந்துவிட்டது, அதுதான் என்றேன்.

ஸ்ரேசனில் பிடித்த வாடகைக் கார் என்னைவிட வயது மூத்த ஒஸ்ரின். இருபாலை தாண்டுவதற்குள் அது கொதித்து நின்றுவிட்டது. சாரதி ஒன்றும் பதறவில்லை. தினமும் அந்த இடத்தில்தான் நிற்கும் என்பதுபோல இறங்கி, பக்கத்து வளவில் ஒரு வாளி தண்ணீர் கேட்டார். அந்த வீட்டுக்கார அம்மா காருக்கு ஒரு வாளியும் எங்களுக்கு ஒரு செம்புமாகக் கொண்டுவந்தா. எந்தப் பகுதி, யாருடைய ஆட்கள் என்று கேட்டா. அண்ணையின் பெயரைச் சொன்னேன்.

“ஓ, அந்தப் படம் காட்டின வீடோ?” என்றா. பிறகு என்னையும் கௌரியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றினா. படம் காட்டின வீடு என்றால் என்ன என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் அது நல்லதுக்கில்லை என்று அவ பார்த்த பார்வையில் தெரிந்தது.

ஒழுங்கை முடக்கில் பிள்ளையார் கோயில், அதைத் தாண்டி எங்கள் வீட்டுப் படலை. அண்ணை வெங்காயப் பாத்தியில் நின்றவர் மண் கையோடு ஓடிவந்தார். தலை நரைத்திருந்தது, நெஞ்செலும்பு தெரிந்தது. கௌரியைப் பிடித்து உச்சி மோந்தார். அவள் தன்னைவிட உயரம் என்று மச்சாளைக் கூப்பிட்டுக் காட்டினார். “வாரும் மச்சான்” என்று இவருடைய தோளைத் தட்டினார். நான் மூன்றடி தள்ளி நிற்கிறேன். அண்ணையின் கண் என் செருப்பில் தொடங்கி முகம்வரை வந்தது. பிறகு அவர் குனிந்து, காலடியில் நின்ற நாயைப் பார்த்தார்.

“வீரன், பயணக் களைப்போட வந்திருக்கினம். கிணத்தடியில தண்ணி அள்ளி வைச்சிருக்கெண்டு சொல்லு.”

வீரன் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. நானே கேட்டுக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன்.

அன்றிலிருந்து எங்கள் பேச்சுவார்த்தை முழுவதும் வீரனுக்கூடாகத்தான் நடந்தது. வீரன் இல்லாதபோது பசு மாடு, அதுவும் இல்லாவிட்டால் சைக்கிள். இடியப்பத்துக்குச் சொதி இன்னும் இருக்கிறதென்று சைக்கிளுக்குச் சொல்லப்பட்டது. வெயிலில் தலையில் துணி போடாமல் திரிந்தால் காய்ச்சல் வரும் என்ற எச்சரிக்கை மாட்டுக்கு. நான் சாப்பிட்ட கோப்பையைப் பார்த்துவிட்டு, முன்னையப்போல ஆட்கள் சாப்பிடுகிறார்களில்லை என்று வீரனிடம் குறைப்பட்டார். கௌரிக்கு இது பெரிய வேடிக்கை. மூன்றாம் நாள் அவளும் நாயிடம் செய்தி சொல்லத் தொடங்கிவிட்டாள்.

சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. குசினியில் மச்சாள் விடிய எழும்பித் தேங்காய் துருவும் சத்தத்தில்தான் நான் கண் விழிப்பேன். குரக்கன் புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும், முருங்கைக்காய்க் குழம்பு, பச்சை மிளகாய்ச் சம்பல். மொன்றியலில் இதையெல்லாம் சமைக்கத்தான் செய்கிறேன், ஆனால் உறைய வைத்த முருங்கைக்காய் சுள்ளி மாதிரி இருக்கும். இங்கே அது வாயில் வைக்கக் கரைந்தது. நான் வருவதாகக் கடிதம் போட்டவுடன் வேலியோரத்து மரத்தில் காய் பிடுங்காமல் விடச் சொன்னவர் யார் என்று மச்சாள் சொல்லித்தான் அறிந்தேன். அண்ணைதான்.

இரண்டாம் நாள் இவர் கமெராவின் பற்றறியை ஏற்றுவதற்காகச் சார்ஜரைச் சுவரில் சொருகினார். கனடா மின்சாரத்துக்குச் செய்த சாமான் அது. இலங்கை மின்சாரம் அதைவிட இரண்டு மடங்கு. படார் என்று ஒரு சத்தம், நீலப் புகை, பிறகு சாமியறைவரைக்கும் கருகல் மணம். பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த மனிதர் இவர் என்பதை நான் யாருக்கும் சொல்லவில்லை. மிச்சமிருந்த பற்றறிச் சக்தியை அன்றிலிருந்து சொட்டுச் சொட்டாகச் செலவழித்தார். அண்ணை கருகிய சார்ஜரைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “உந்தப் படம் பிடிக்கிற சாமான்கள் எல்லாம் வில்லங்கம்தான், மச்சான்” என்றார். என்னைப் பார்க்கவில்லை.

வருஷப் பிறப்பன்று எனக்குப் பெரிய நம்பிக்கை இருந்தது. கோயிலிலிருந்து மருத்துநீர் என்ற மூலிகைத் தண்ணீர் வாங்கிவந்து, வீட்டில் மூத்தவர் மற்ற எல்லோருடைய தலையிலும் வைப்பார். அதன் பிறகுதான் குளிப்பு. அம்மாவும் அப்பாவும் போன பிறகு எங்கள் வீட்டில் மூத்தவர் அண்ணைதான். ஒரு வார்த்தை சொல்லாமல் எப்படித் தலையில் கை வைப்பார் என்று நினைத்தேன். மச்சாளுக்கு வைத்தார், இவருக்கு வைத்தார், கௌரிக்கு வைத்து நெற்றியில் வழிந்ததைத் துடைத்தும் விட்டார். கடைசியாக நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். சிறிது நேரம் ஒன்றும் நடக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது கிண்ணம் மச்சாளின் கையில் இருந்தது. அண்ணை மாட்டுக்கும் கொஞ்சம் வைக்கவேண்டும் என்று பட்டிக்குப் போய்விட்டார்.

மச்சாள்தான் வைத்தா. கிணற்றடிக்கு என்னோடு வந்து, துணி தோய்க்கும் கல்லில் குந்தியிருந்து, அதுவரை எழுதாததையெல்லாம் சொன்னா.

என் கடிதம் வந்த நாளே அண்ணை ஒழுங்கை முழுக்கச் சொல்லிவிட்டாராம். தங்கச்சி தன்னுடைய இடத்தை வெறுமையாக வைத்துத்தான் சடங்கு செய்கிறாள், வேறொருவரையும் நிற்கவிடவில்லை, கனடாவில் போயிருந்தும் முறை மறக்கவில்லை என்று. கொப்பி வந்ததும் டெக்கும் ரீவியும் வாடகைக்கு எடுப்பித்தார். அப்போது இரவில் ஊரடங்கு. அதனால் பகலில், வெளிச்சத்தை மறைக்க யன்னலெல்லாம் சேலை கட்டி, ஒழுங்கைச் சனம் முழுவதையும் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டு, சோடாவும் கொடுத்து இருத்தினார். இப்ப அந்த நிறைகுடம் வரும், பாருங்கோ என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். வந்தது கோட்டுப் போட்ட ஒரு மனிதர்.

“ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை, மச்சாள். அதுதான் அவருக்குத் தாங்கேலாமல் போனது” என்றா. “அவையள் போனாப் பிறகு ஒரு சொல்லுத்தான் சொன்னவர். மூண்டு தரம் அடிச்சவன். மூண்டு தரம்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த கணம் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டேன்.

அதோடு முடியவில்லை. பிறகும் இரண்டு தடவை டெக்கை எடுப்பித்துத் தனியே இருந்து பார்த்தாராம். “அந்தத் தேங்காய் வாற இடத்தில எழும்பிப் போய் வேகமா ஓட விடுவார். பிள்ளை சிரிக்கிற இடம் வந்தால் நிப்பாட்டி வைச்சுப் பாத்துக்கொண்டிருப்பார். நீர் நினைக்கிறமாதிரிக் கோவம் மட்டும் இல்லை, மச்சாள்.”

நான் இவ்வளவு நாளும் நினைத்தது, அண்ணை தனியே பார்த்துத் தனியே மனம் நொந்தார் என்றுதான். ஊரைக் கூட்டி வைத்து அவரைத் தலை குனிய வைத்திருக்கிறேன். இருபாலை அம்மாவுக்குக்கூட அது தெரிந்திருக்கிறது.

இரண்டு நாள் கழித்துக் கீரிமலைக்குப் போனோம். அண்ணை வரவில்லை, தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கவேண்டும் என்று சைக்கிளுக்குச் சொல்லியிருந்தார். போன மினிவான் பதினைந்து பேருக்குச் செய்தது. முப்பது பேர் இருந்தோம். கூரையில் வாழைக்குலை, என் மடியில் முன்பின் தெரியாத ஒருவரின் குழந்தை. மல்லாகத்தடியில் ரயர் காற்றுப் போனது. எல்லோரும் இறங்கி வேப்பமரத்தின் கீழ் நின்றோம். அந்த நேரத்துக்குள் இவர் மிச்சப் பற்றறியில் பாதியை ரயர் மாற்றுவதைப் படம் பிடித்தே தீர்த்துவிட்டார்.

ஒரு பக்கம் கடல் அலை அடிக்கிறது, சுவருக்கு இந்தப் பக்கம் கேணியில் குடிக்கக்கூடிய நல்ல தண்ணீர். பெண்கள் கேணியில் கௌரி நெடுஞ்சட்டையோடு குதித்தாள். அவளுடைய நீச்சல் தடாகத்து மருந்து மணம் இல்லாத தண்ணீர் உலகத்தில் இருக்கிறதென்று அன்றைக்குத்தான் கண்டாள். சிறு வயதில் அண்ணை சுவருக்கு அந்தப் பக்கத்து ஆண்கள் கேணியிலிருந்து என் பெயரைக் கூப்பிடுவார், நான் பதில் கொடுக்கவேண்டும். மூழ்கவில்லை என்று அறிவதற்கு. அன்றும் நான் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன்.

ஈரத் தலையோடு படியில் இருந்தபோது கௌரி கேட்டாள். பிழை விட்டால் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று தனக்குச் சொல்லித் தந்தது நான்தானே, மாமாவிடம் ஏன் கேட்கவில்லை என்று. நான் யோசித்தேன். மொன்றியலில் காலில் மிதித்தாலும் கேட்கிறோம், கடையில் முன்னால் போனாலும் கேட்கிறோம். ஒரு நாளைக்கு இருபது தரம். ஆனால் எங்கள் வீட்டில் அண்ணையிடம் போய் மன்னியுங்கோ என்று சொன்னால், யாரோ அந்நியர் வந்து நிற்கிறார் என்று அவருக்குத் தோன்றும். அதோடு, சனத்துக்கு முன்னால் விட்ட பிழையைக் குசினிக்குள் தனியே சொல்லித் தீர்க்க முடியாது. இதை அவளுக்கு விளங்கப்படுத்தத் தெரியவில்லை. கேட்கத்தான் வேண்டும், ஆனால் மாமாவிடம் இல்லை என்றேன். அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

வரும் வழியில் பண்டத்தரிப்பில் இவருடைய அக்கா வீட்டில் ஒடியற்கூழ். நண்டும் மீன்தலையும் பயிற்றங்காயும் பலாக்கொட்டையும் போட்டு ஒரு பெரிய பானை நிறையக் காய்ச்சி வைத்திருந்தா. பலா இலையைக் கோலிக் குடித்தோம். உறைப்பில் கௌரியின் கண்ணால் தண்ணீர் ஓடியது, ஆனாலும் நான்காவது தரமும் இலையை நீட்டினாள். அக்காவின் சிரிப்பைப் படம் எடுக்க இவர் கமெராவைத் தூக்க, அது ஒரு முனகல் முனகிவிட்டு நின்றது. அதுதான் அந்தப் பயணத்தின் கடைசிப் படம்.

வெளிக்கிடுவதற்கு முதல் நாள். எங்கள் ஊரில் நீண்ட பயணம் போகிறவர் அயலில் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும். பயணம் சொல்வது என்போம். சொல்லாமல் போனால் அது ஒரு குறை. நான் பின்னேரம் முகம் கழுவி, நல்ல சேலை கட்டிக்கொண்டு, இவரையும் கௌரியையும் கூட்டிக்கொண்டு ஒழுங்கையின் முதல் வீட்டிலிருந்து தொடங்கினேன்.

முதல் வீடு ஓய்வுபெற்ற தபாலதிபர் பொன்னம்பலத்தார். கதிரை போட்டு இருத்தினார். நாளைக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டு, மிச்சத்தையும் சொன்னேன்.

“ஐயா, அண்டைக்குப் படத்தில அண்ணையின்ரை இடத்தில வேற ஆள் நிண்டது என்ரை பிழை. ஒருத்தரையும் நிப்பாட்டமாட்டன் எண்டு எழுதினது நான்தான். அண்ணை உங்களுக்குப் பொய் சொல்லேல்லை.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உது பிழைதான், பிள்ளை” என்றார். அதற்கு மேல் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அது நல்லதாக இருந்தது.

அடுத்த வீட்டு இராசம்மாக்காவிடம் அதையே சொன்னேன். அவ கொஞ்சம் யோசித்துவிட்டு, தேங்காய் உடைத்ததோ, தான் பார்த்தது அந்த ஏழு தட்டுக் கேக்கை என்றா. அவ்வளவு கேக்கையும் யார் சாப்பிட்டது என்று அன்றிலிருந்து தனக்கொரு யோசனையாம். இன்னொரு வீட்டில் பனியைத்தான் பார்த்தார்கள். வேறொரு வீட்டில் இவருடைய தலைமயிர் இவ்வளவு கொட்டிவிட்டதே என்று கவலைப்பட்டதாகச் சொன்னார்கள். இவர் தலையைத் தடவிக்கொண்டார். ஆனால் எல்லோரும் மறந்தவர்களில்லை. மூன்று வீடுகளில் அவர்கள் பார்த்த பார்வையிலேயே ஞாபகம் இருந்தது தெரிந்தது. அங்கே சொல்வதற்கு மிகவும் கஷ்டமாக இருந்தது, சொன்னேன். பதினொரு வீடும் முடிய என் காது மடல் கொதித்தது. கௌரி என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அந்த வயதில் தாயின் கையை அவள் வெளியில் பிடிப்பதே இல்லை.

ஒழுங்கையில் ஒரு செய்தி சைக்கிளைவிட வேகமாகப் போகும். பொழுது படும்போது பொன்னம்பலத்தார் எங்கள் படலையடியில் நின்று அண்ணையோடு கதைத்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். அண்ணை வேலிக் கதியாலைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். சாப்பிடும்போது அவர் எனக்கும் ஒன்றும் சொல்லவில்லை, வீரனுக்கும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு மனம் விட்டுப்போயிற்று. பத்து நாளும் முடிந்தது, இனி எப்போதோ என்று நினைத்தேன். அண்ணை கை கழுவிவிட்டுத் தேங்காய் குவித்திருந்த கொட்டிலுக்குள் போனார். ஒவ்வொன்றாக எடுத்து விரலால் தட்டிப் பார்க்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது. எங்கள் பெட்டிக்குள் வைத்துவிடத் தேங்காய் பொறுக்குகிறார், பெட்டி ஏற்கெனவே பாரம் என்று இவரிடம் புறுபுறுத்தேன்.

காலையில் அதே ஒஸ்ரின் வந்தது. ஒழுங்கைச் சனம் வழியனுப்பப் பிள்ளையார் கோயிலடியில் கூடி நின்றது. பயணம் போகுமுன் அங்கே ஒரு தேங்காயை எறிந்து சிதறடிப்பது வழக்கம். இவர் காரால் இறங்கி அதற்கென்று வாங்கி வைத்த தேங்காயை எடுத்தார்.

“பொறும், மச்சான்” என்றார் அண்ணை.

அவர் கையில் வேறொரு தேங்காய் இருந்தது. தும்பு சீவி, மஞ்சள் பூசி, குடுமி விட்டிருந்தது. இடுப்பில் கத்தி. சிதறு தேங்காய்க்குக் கத்தி தேவையில்லை. பின்னால் மச்சாள் ஒரு வெள்ளிச் செம்போடு வந்தா. வழியில் குடிக்கத் தரும் பால் என்றுதான் முதலில் நினைத்தேன். அதில் அறுகம்புல் பச்சையாக மிதந்ததைக் கண்டதும்தான் என்ன நடக்கப்போகிறது என்று விளங்கியது.

அண்ணை கௌரியைக் கூப்பிட்டுக் கிழக்கே பார்த்து நிற்கச் சொன்னார். அவள் பயணத்துக்கென்று ஜீன்சும் வெள்ளைச் சட்டையும் போட்டிருந்தாள். ஏன் என்று கேட்கவில்லை, நின்றாள். அண்ணை பாலில் தோய்த்த அறுகை எடுத்து அவள் உச்சியில் வைத்தார், மூன்று தரம். பால் காதோரமாக வழிந்து சட்டைக் கழுத்தை நனைத்தது. மச்சாள் செம்பில் மிஞ்சிய பாலைக் கொஞ்சம் அவள் தலையில் வார்த்தா. இராசம்மாக்கா குலவை தெரியாமல் கையைத் தட்டினா. அண்ணை இரண்டு அடி முன்னால் போய், தேங்காயை இடக்கையில் ஏந்தி, கத்தியின் முதுகால் ஓர் அடி அடித்தார்.

ஒரே அடிதான். நேர் பாதியாக விண்டு, தண்ணீர் மண்ணில் கொட்டியது.

ஒரு பாதியைக் கௌரியின் கையில் கொடுத்தார். மற்றப் பாதியை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். அது என் கைக்கு வந்த பிறகும் அவருடைய கை அதை விடவில்லை.

“படம் பிடிக்கேல்லையோ?” என்றார். என்னிடம்தான் கேட்டார், என் முகத்தைப் பார்த்து.

“பற்றறி இல்லை, அண்ணை.”

அவர் திரும்பி, கோயிலடியில் நின்ற பதினொரு வீட்டுச் சனத்தையும் ஒருவர் ஒருவராகப் பார்த்தார். பொன்னம்பலத்தார் தலையை ஆட்டினார்.

“அது பறவாயில்லை” என்றார் அண்ணை. “பாக்கவேண்டிய சனம் பாத்திட்டுது. போயிட்டு வா, தங்கச்சி.”

அவருடைய மண் படிந்த கையைப் பிடித்து என் தலையில் வைத்துக்கொண்டேன். காருக்குள் ஏறியதும் கௌரி ஈரத் தலையோடு என்னில் சாய்ந்தாள். பால் மணம் கொழும்பு போய்ச் சேரும்வரைக்கும் அவளை விட்டுப் போகவில்லை. அதுதான் நாங்கள் ஏறப்போகிற கடைசி யாழ்தேவி என்பதும், இரண்டு மாதத்தில் அந்தத் தண்டவாளத்தில் ஒன்றும் ஓடாது என்பதும் அன்றைக்கு எங்கள் ஒருவருக்கும் தெரியாது.

ஒஸ்ரின் அன்று தள்ளாமலே வெளிக்கிட்டது. பின் கண்ணாடியால் பார்த்தேன். சனம் கலைந்துகொண்டிருந்தது. அண்ணை ஒழுங்கை நடுவில் குந்தியிருந்து, வீரனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அதற்கு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பத்து நாளும் அந்த நாய்க்குச் சொன்னதெல்லாம் எனக்குக் கேட்கவேண்டும் என்று சொன்னது. இதை மட்டும் எனக்குக் கேட்காமல் சொன்னார்.